ஒருசந்தி மருமவனுக்கு மாமன் சொல்லுத புத்தி

பங்குப் பேரவைக்கு நீ செயலாளர் ஆயிட்டியாமே மருமவனே. சந்தோசம். உங்க அம்மை, என் கூடப்பிறந்தவ, கடைத்தெரு பூரா சொல்லி முடிச்சு, கடைசியாத்தான் என் காதுல போட்டா. நேத்து கோயில் முத்தத்துல உன்னைப் பாத்தேன். கக்கத்துல ஒரு பைலு, சட்டைப் பையில ரெண்டு பேனா, மூஞ்சியில நாலு நாள் பட்டினி கெடந்த களை. தவக்காலம் தொடங்க இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள மூஞ்சியை இப்பிடித் தொங்கப்போட்டுப் பழகுதியே, கெட்டிக்காரன்தான்.

மருமவனைக் கேலி பண்ணுதது மாமனுக்கு உள்ள பாத்தியதை. அந்தப் பாத்தியதையிலதான் ரெண்டு வார்த்தை சொல்லுதேன். திருச்சபைச் சட்டப்படி 18 வயசு முடிஞ்சவனுக்கு ஒருசந்தி தொடங்கும், 59 முடிஞ்சா கட்டாயம் இல்ல. நான் அந்த வேலியைத் தாண்டி ரொம்ப வருசம் ஆச்சு. அதனால இதைத் தின்னுட்டுப் பேசுதவன் பேச்சுன்னே வச்சுக்கோ. பசிச்சவன் பேச்சுல கோவம் வரும், தின்னவன் பேச்சுல நிதானம் இருக்கும்.

முதல்ல சாம்பல் புதனுக்கு வாறேன். போன வருசம் குருத்தோலை ஞாயித்துக்கெழமை வாங்கிட்டுப் போன ஓலையைச் சிலுவையா மடிச்சு நிலைப்படி மேல சொருகி வச்சிருப்போம்லா, அதைத் திருப்பிக் கோயில்ல குடுக்கணும். அதை எரிச்ச சாம்பலைத்தான் நெத்தியில பூசுவாவ. பழைய ஓலையைக் கொண்டு வாங்கன்னு நீயும் அறிவிப்பு வாசிப்பே. ஒருத்தரும் கொண்டு வர மாட்டாவ. புதன்கெழமை விடியக்காலம் கோயில்பிள்ளை எவன் விளையிலயோ காஞ்ச ஓலை தேடி ஓடுவான். இப்பமே நாலு வீட்டுல ஏறி வாங்கி வச்சிரு. முதல் வீடு என் வீடுன்னு வச்சுக்கோ. எங்க வீட்டு ஓலையை எலி பாதி தின்னுட்டு, மீதி பாதி உனக்குத்தான்.

அன்னைக்குக் கோயில்ல என்ன நற்செய்தி வாசிப்பாவன்னு கவனிச்சிருக்கியா? மத்தேயு 6-ம் அதிகாரம். தர்மம் பண்ணுததைத் தம்பட்டம் அடிக்காதே, தெருமுக்குல நின்னு செபம் பண்ணாதே, நோன்பு இருக்கையில மூஞ்சியைக் கழுவித் தலைக்கு எண்ணெய் தேச்சுக்கோன்னு ஆண்டவர் சொன்ன இடம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு பக்தியாக் கேப்போம். கேட்ட கையோட வரிசையில போய் நெத்தியில கரியை வாங்கி, பொழுது அடையுத வரைக்கும் கழுவாம அலைவோம். போன வருசம் உன் தம்பி கோயில் வாசல்லயே போனை நீட்டிப் பிடிச்சு, நெத்திச் சிலுவை நல்லாத் தெரியுதான்னு மூணு வாட்டி படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். மூஞ்சியைக் கழுவச் சொன்னவருக்கும் ஒரு போன் இருந்திருந்தா லைக் போட்டிருப்பாரு. அந்த வாசகத்தையும் அந்தச் சாம்பலையும் ஒரே நாள்ல சேத்து வச்சவரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா பெரிய குசும்புக்காரரா இருக்கணும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி நோன்பு. ஒருசந்தின்னா ஒரு நேரம் வயிறாரச் சாப்பாடு, மத்த நேரம் உசுரு நிக்குத அளவுக்கு. சுத்தபோசனம்னா கறி கிடையாது. 1966-ல ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் சட்டத்தைத் தளத்திட்டாரு. இப்பம் கட்டாய ஒருசந்தி வருசத்துக்கு ரெண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். தவக்கால வெள்ளிக்கெழமைகள்ல சுத்தபோசனம். எங்க ஆச்சிகிட்ட இதைச் சொன்னப்ப, அப்பம் மோட்சத்துக்கு பஸ்ஸு விட்டுட்டாவளான்னு கேட்டா. அவ நடந்தே போற கட்சி.

ஆனா ஒண்ணு, நம்ம ஊர்க்காரவ சட்டத்துக்கு மேல நிக்குதவ. சட்டம் மீனைத் தடுக்கல. நம்ம பக்கம் மீனும் கவுச்சிதான்னு நிறுத்திட்டாவ. ரெண்டு நாள் கேட்டதுக்கு நாப்பது நாள் குடுக்கோம். அதுல எனக்குப் பெருமைதான். பெருமைப்பட்டுட்டு அடுப்பங்கரைக்குள்ள எட்டிப் பாத்தேன். உன் அத்தை மீல்மேக்கரை மட்டன் மசாலாவுல பெரட்டி, பட்டை கிராம்பு தாளிச்சு, மல்லித்தழை தூவி இறக்குதா. வாயில வச்சா வெள்ளாடு தோத்துப்போவும். மறுநாள் காளானுக்கு சிக்கன் 65 பொடி. ஆட்டை விட்டோம், ஆட்டு ருசியை விடல. பக்கத்து வீட்டுல காலிபிளவரை நண்டுன்னு நினைச்சே கடிக்காவ.

ஞாயித்துக்கெழமைக் கணக்கு இன்னும் விசேசம். சாம்பல் புதன்ல இருந்து பாஸ்காவுக்கு முந்தின சனிக்கெழமை வரைக்கும் எண்ணினா 46 நாள் வரும். ஆறு ஞாயித்துக்கெழமையைத் தள்ளினா 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்னைக்கு நோன்பு கிடையாது. பத்துக் கட்டளையை வரிசையாச் சொல்லத் தெரியாதவனுக்கும் இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்துலயும் தப்பாது. தவக்காலத்து ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கறிக்கடையில போய்ப் பாரு, பாதிப் பேரவை அங்கதான் கூடியிருக்கும்.

பதநீர் ஒருசந்தியை முறிக்குமான்னு உன்கிட்ட வந்து கேப்பாவ. பனை சுரக்குத பருவமும் தவக்காலமும் ஒண்ணா வந்து நிக்குத ஊருல இது நியாயமான கேள்விதான். எந்தச் சாமியாரும் நேரா பதில் சொன்னதில்ல. ஒரு சாமியாரு மட்டும், ஒரு சொம்பு குடிச்சிட்டு யோசிக்கேன்னு சொன்னாரு. இன்னும் யோசிச்சிட்டு இருக்காரு போல.

இதெல்லாம் கேலி. இப்பம் சொல்லப் போறதுதான் நீ பைலுல எழுதி வைக்க வேண்டியது. தின்னாம விட்ட காசு எங்க போச்சு?

செபம், நோன்பு, தர்மம்னு மூணையும் சேத்துத்தான் பெரியவங்க கட்டி வச்சாவ. நோன்பு இருந்தவன் வயித்துல இருந்து மிச்சம் பிடிச்சது இல்லாதவன் வயித்துக்குப் போய்ச் சேரணும்னு, பெரிய சிங்கராயர் பாப்பரசர் அஞ்சாம் நூற்றாண்டுலயே பிரசங்கம் வச்சிருக்காரு. நம்ம கணக்கை எடு. நாப்பது நாள் கறி வாங்காத வீட்டுல எவ்வளவு மிச்சம் ஆவும்? கிலோ கறி என்ன விலைன்னு உனக்கே தெரியும், பெருக்கிப் பாரு. அந்தக் காசு பீரோவுலயும் இல்ல, உண்டியல்லயும் இல்ல. பாஸ்கா அன்னைக்கு ஒரே மூச்சுல பிரியாணி அண்டாக்குள்ள போய் விழுந்திருது. நாப்பது நாளும் நாம கறியை விட்டு வைக்கல மருமவனே, தவணைக்குப் போட்டு வச்சிருக்கோம்.

பேரவையில முதல் கூட்டத்துல இந்தக் கேள்வியை மெதுவாக் கேட்டுப் பாரு. அப்புறம் ரெண்டாவது கூட்டத்துக்கு உனக்கு அழைப்பு வருதான்னு பாரு.

கேக்க வேண்டிய இடத்துல கேக்காம, சின்னப் பிள்ளையகிட்டதான் நாம தர்மம் கேக்கோம். மடத்துச் சிஸ்டர் தவக்காலம் தொடங்கையில ஆளுக்கொரு அட்டை உண்டியல் குடுக்காவ. காரித்தாஸ் இந்தியான்னு 1962-ல ஆயர்கள் தொடங்கின அமைப்பு ஒண்ணு உண்டு. தவக்காலத்துல பசிக்கும் நோய்க்கும் எதிரா நாடு பூரா காசு சேக்குதாவ. என் பேத்தி தேன்முட்டாய் வாங்குத காசை அதுல போட்டுட்டு, கடை வாசல்ல நின்னு பாட்டில் மூடியையே பாத்துட்டு நின்னா. அதைப் பாத்தப்ப எனக்குப் புரிஞ்சுது, ஊருல முழு ஒருசந்தி இருந்தது அவ ஒருத்திதான். அவ வயசுக்குச் சட்டம் அதைக் கேக்கக்கூட இல்ல.

அறிவிப்பு வாசிக்கிறதும் உன் தலையிலதான் விழும். அது பெரிய அதிகாரம்லே. பிரசங்கத்துல கண்ணசந்த ஊரு, அறிவிப்புன்னா நிமிந்து உக்காரும். எவன் எவ்வளவு குடுத்தான்னு தெரியணும்லா. வலது கை குடுக்கது இடது கைக்குத் தெரியக்கூடாதுங்கது ஆண்டவர் கட்டளை. நம்மாளு ரெண்டு கைக்கும் தெரியாம வேணும்னா குடுப்பான், மைக்செட்டுக்குத் தெரியாம குடுக்க மாட்டான். ஆயிரத்தொண்ணு குடுத்தவன் பேரை ஐநூத்தொண்ணுக்குப் பொறவு வாசிச்சியோ, தொலைஞ்சே. இன்ஷியல் மாறினா திருவிழா வரி கேட்டு அவன் வாசப்படி ஏற முடியாது. எழுத்துக் கூட்டி வாசி, ரெண்டு வாட்டி வாசி. பாட்டுக்குழு மூணாவது வாட்டி வாசிச்சாலும் அவன் கோவிச்சுக்க மாட்டான்.

என் பெஞ்சுக்கு முன் பெஞ்சுல முதுகுப் பலகை பூரா வெள்ளைப் பெயிண்டு எழுத்து. இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார். முட்டி போட்டா சரியா என் மூக்குக்கு நேரா நிக்கும். வருசக் கணக்கா அதைப் பாத்தே செபிச்சதுல என் புண்ணியத்துல பாதி அந்தக் குடும்பத்துக் கணக்குல ஏறியிருக்கும். பெஞ்சு செஞ்ச காசைக் கழிச்சுட்டு மீதியைத் திருப்பித் தருவாவளான்னு விசாரிச்சுச் சொல்லு.

அரிசி குடுக்கத படத்தையும் பாத்திருப்பே. அஞ்சு கிலோ பைக்கு எட்டுக் கை. வாங்குத கிழவி கை எதுன்னு கண்ணாடி போட்டுத் தேடணும். அவளைத் திங்கக்கெழமை வரச்சொல்லி, செவ்வாக்கெழமை போட்டோக்காரன் வரலன்னு திருப்பி அனுப்பி, புதன்கெழமை குடுத்தாவ. பசி போட்டோக்காரனுக்காகக் காத்துக் கெடந்துச்சு.

இதுக்கு மாத்து நம்ம கோயில்லயே இருக்கு, உனக்குத்தான் தெரியாது. பாரிஸ் பட்டணத்துல 1833-ல பிரெடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜுப் பையன். வயசு இருபது, உன்னைவிடச் சின்னவன். உங்க திருச்சபை அந்தக் காலத்துல நல்லது செஞ்சுது சரி, இன்னைக்கு நீங்க என்ன கிழிச்சியன்னு கூடப் படிச்சவன் குத்திக் கேட்டுட்டான். நம்மாளுவளா இருந்தா கண்டனக் கூட்டம் போட்டு, போஸ்டர் அடிச்சு, ஆயரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருப்போம். அந்தப் பையனும் கூட்டாளிகளும் ரோசலின்னு ஒரு கன்னியாஸ்திரிகிட்டப் போனாவ. கஷ்டப்பட்ட வீடு எங்க எங்க இருக்குன்னு அவ வழி காட்டினா. இவிய ஏறி இறங்கத் தொடங்கினாவ. அதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. இந்தியாவுக்கு 1863-லயே வந்துட்டு. ஓசானாம் நாப்பது வயசுல செத்துப்போனாரு. 1997-ல அவருக்கு முத்திப்பேறு பட்டம் குடுத்தாவ.

அந்தச் சபைக் கூட்டத்துல ஒரு பழக்கம் உண்டு. முடியுத நேரத்துல ஒரு துணிப்பை கைக்குக் கை மாறிச் சுத்தி வரும். இரகசியப் பை. ஆளுக்கு ஆள் மூடின கையை உள்ள விட்டு, விரிச்சு, எடுத்திரணும். குடுத்தவன் எவ்வளவு குடுத்தான்னு ஒருத்தருக்கும் தெரியாது. வெறுங்கையை விட்டவன் எவன்னும் தெரியாது. அந்த வாரம் அடுப்பு எரியாத வீட்டுக்காரனும் கூட்டத்துல உக்காந்திருக்கலாம்லா, அவனும் மானமாக் கையை விட்டு எடுக்கலாம். பேர் கிடையாது, ரசீது கிடையாது, அறிவிப்பு கிடையாது. நம்ம ஊருல அந்தச் சபைக்கு ஆள் சேரலன்னா ஏன்னு இப்பம் புரியுதா?

ரெண்டாவது பழக்கம், வீட்டுக்குப் போகையில ரெண்டு ரெண்டு பேராப் போவணும். போன தவக்காலத்துல நானும் ரிட்டையர்டு சார்வாளும் மேட்டுத்தெருவுல ஒரு வீட்டுக்கு அரிசி கொண்டு போனோம். பீடி சுத்துத பொம்பளை. புருசன் பனையில இருந்து விழுந்து இடுப்பு போன ஆளு, உள்ள கட்டில்ல கெடக்கான். மடியில முறத்தை வச்சு இலை வெட்டிக்கிட்டு இருந்தவ, எங்களைப் பாத்ததும் தூளைத் தட்டிவிட்டு எந்திரிச்சா. நாங்க வாயைத் திறக்கதுக்குள்ள கருப்பட்டிக் காப்பி வந்துட்டு. சார்வாள் பெரிய ஒழுங்குக்காரரு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை, நான் ஒருசந்தின்னு டம்ளரைத் தள்ளி வச்சாரு. அவ சிரிச்சிக்கிட்டே சொன்னா: “நான் வருசம் பூரா ஒருசந்திதான் சார்வாள், நீங்க குடிங்க.” சார்வாள் ஒரே மடக்குல குடிச்சாரு. சூடு நாக்குல பட்டுதா வேற எங்கயும் பட்டுதான்னு நான் கேக்கல.

நாங்க கிளம்புதப்ப இன்னொண்ணு செஞ்சா. அடுப்பு மேடையில பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு இருந்துது, பிடியரிசிப் பாட்டில். தெரியும்லா, உலை வைக்கையில தினமும் ஒரு பிடி எடுத்துப் போட்டு மாசக் கடைசியில கோயிலுக்குக் குடுக்கது. நாங்க கொண்டு போன பையைப் பிரிச்சு, முதல் பிடியை அதுலதான் போட்டா. இந்த அரிசியே அந்தப் பிடியரிசியில இருந்து வந்ததுதான். சபைக்குக் கணக்கு எழுதுதது நம்ம சார்வாள். அன்னைக்கு ராத்திரி நோட்டை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. வரவுல எழுதவா செலவுல எழுதவா?

மருமவனே, பசி எங்க இருக்குன்னு படத்துல தெரியாது. காப்பி குடிக்கப் போனாத்தான் தெரியும்.

பெரிய வியாழனுக்கு வாறேன். பாதம் கழுவ பன்னெண்டு பேரைத் தேர்ந்தெடுக்கது உன் பொறுப்பு. இதுல ஊரே ரெண்டாகும். பட்டியலைப் பேரவையில வச்சேன்னா திருவிழாவுக்கு முதல் வரி குடுத்தவன், பந்தல்காரன், உன் சித்தப்பான்னு பன்னெண்டும் நிமிசத்துல நிரம்பிரும். அவிய வீட்டுல ரெண்டு வாட்டி சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவாவ. சாமியாருக்கு அங்க கழுவ என்ன இருக்கு? தண்ணியைக் காட்டி எடுக்க வேண்டியதுதான். பாப்பரசர் பிரான்சிஸ் 2013-ல ரோமாபுரியில இளங்குற்றவாளிச் சிறைக்குப் போய்க் கழுவினாரு. அதுல பொம்பளப் பிள்ளையளும் உண்டு, முஸ்லிம் பிள்ளையளும் உண்டு. 2016-ல பெண்களுக்கும் கழுவலாம்னு வழிபாட்டுச் சட்டத்தையே மாத்திட்டாவ. நம்ம ஊருக்கு அந்தச் சட்டம் இன்னும் தபால்ல வந்துகிட்டே இருக்கு.

உனக்கு ஆள் கிடைக்கலன்னு சொல்லாதே. கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பாரு. செங்கல் சூளையில வேலை பாக்குத ஜார்கண்டுப் பையனுவ நாலஞ்சு பேர் ஞாயித்துக்கெழமை தவறாம வாறாவ. நம்ம பாட்டு அவனுவளுக்குப் புரியாது. சிலுவை போடுதது, முட்டி போடுதது ஒண்ணும் தப்பாது. அவனுவளும் கத்தோலிக்கன்தான்னு ஊருல பாதிப்பேருக்குத் தெரியாது. இந்திக்காரப் பையன்னு மட்டும் தெரியும். அவன் காலைக் கழுவினா தண்ணி செம்மண் நிறத்துல வரும். சாமியாருக்கும் வேலை செஞ்ச திருப்தி இருக்கும். அந்தப் பீடிக்காரியையும் ஒரு நாற்காலியில உக்கார வை. சித்தப்பா கோவிச்சா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிடுதேன்.

அன்னைக்கு வானவர் கீதத்தோட மணிக்கு லீவு. பாஸ்காத் திருவிழிப்பு வரைக்கும் மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவாவ. மணி வாயை மூடினாலும் மைக்செட்டு மூடாது. அதுக்கும் ஒரு லீவு குடுத்துப் பாரேன், செயலாளருக்கு அந்த அதிகாரம் கூடவா இல்ல?

பெரிய வெள்ளிக்குக் கஞ்சி. அண்டாவுல கஞ்சியும் காணத்துவையலும் இறக்கினா, சிலுவை முத்தி செய்ய நின்ன வரிசையைவிட இந்த வரிசை நீளம். ஒருசந்தி அன்னைக்கு மூணு வாட்டி வாங்கிக் குடிக்கவனை எனக்குத் தெரியும். கேட்டா, கஞ்சி தண்ணிதானேம்பான். அவனைக் கேலி பண்ணலாம், தப்பில்ல. தூக்குவாளி கொண்டு வாற பொம்பளையை மட்டும் ஒரு கேள்வி கேக்காதே. வீட்டுல எந்திரிக்க முடியாத ஆள் கெடக்கும். வாளி நிறைய ஊத்து. அடியில கெட்டியாக் கிடக்கும்லா, அதைக் கலக்கி ஊத்து.

திருவிழா அசனத்தைப் பத்தி இப்பம் பேச வேண்டாம்னுதான் இருந்தேன். பேச்சு பந்திக்கு வந்துட்டு, அதனால சொல்லுதேன். வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதிக்குச் சாதி மறிச்சுச் சுவர் இருந்துது. 1910-ல இடிச்சாவ. அதுக்கு வழக்கு போட்டுச் சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போனாவ. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ புத்தகத்துல விவரமா எழுதியிருக்காரு, வாங்கிப் படி. அதே ஊருலதான் 1745-ல தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கினாரு. எல்லாரும் சமம்னு பேசினாரு. 1752-ல ஆரல்வாய்மொழிக் காட்டுல சுட்டுக் கொன்னுட்டாவ. 2022-ல புனிதர் பட்டம் வந்தப்ப நம்ம ஊருல வெடி போட்டோம், லட்டு குடுத்தோம். அந்த லட்டு எந்தத் தெரு வரைக்கும் போச்சுன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அசனப் பந்தியில யார் பக்கத்துல யார் உக்காருதான்னு வாற திருவிழாவுல ஒரு ஓரமா நின்னு பாரு. கோயில் சுவரை இடிக்கக் கடப்பாறை போதும். பந்திச் சுவருக்கு எந்தக் கடையில கடப்பாறை வாங்கன்னு பேரவை தீர்மானம் போடட்டும், நான் வழிமொழியுதேன்.

சரி, ரொம்பப் பேசிட்டேன். உங்க அம்மை கேட்டா, மாமன் உன் பிள்ளையைத் திட்டுனான்னு சண்டைக்கு வருவா. திட்டல, ஆள் பிடிக்க வந்தேன். வின்சென்ட் சபைக் கூட்டம் ஞாயித்துக்கெழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் உபதேசியார் அறையில. இருக்கது அத்தனையும் முட்டுவலிக்காரங்க, சார்வாளுக்கு இப்பம் கண்ணும் தெரியல. மேட்டுத்தெருவுல ஏழெட்டு வீட்டுக்கு அரிசி போவணும், தூக்க ஆள் இல்ல. உன் தம்பியையும் கூட்டிட்டு வா, ரெண்டு ரெண்டு பேராத்தானே போவணும். போனை அவன் வீட்டுலயே வச்சிட்டு வரட்டும். கேரியர் உள்ள சைக்கிளாப் பாத்து எடுத்துட்டு வாங்க.